எட்டுக் காலி உறைகள்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது 'மேற்படி' என்ற சொல். நெருப்பு, சக்கரம், அம்மை ஊசி எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை. நெருப்பு சுடும். சக்கரம் பஞ்சராகும். ஊசி வலிக்கும். மேற்படி மட்டும்தான் மேலே ஒருவன் பாடுபட்டு எழுதியதைக் கீழே இருப்பவன் பாடுபடாமல் அடைய வழி செய்கிறது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் கல்லூரி மாத இதழில் இரண்டு பக்கக் கட்டுரையாகவே எழுதினேன். இதழாசிரியரும் நானே என்பதால் அது பிரசுரமாவதில் சிக்கல் இருக்கவில்லை.

கட்டுரைக்கான ஆராய்ச்சியை அரசு மருத்துவமனைக்குப் பொருள் வாங்கித் தரும் கொள்முதல் அலுவலகத்தில் செய்தேன். கடைசி வருட மாணவர்கள் வாரத்தில் மூன்று நாள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது கல்லூரி விதி. குலுக்கலில் எனக்கு விழுந்தது அந்த அலுவலகம். அங்கே கொள்முதல் அதிகாரி என் அண்ணி.

நான் சேர்ந்த முதல் நாளே அண்ணி ஒரு தாளை எழுதிச் செயலரிடம் கொடுத்தார். "இப்பயிற்சியாளர் என் கணவரின் தம்பி. ஒரே வீடு. ஒரே சமையலறை. ஆகவே நான் கையெழுத்திடும் எந்த டெண்டர் வேலையிலும் இவரை அமர்த்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்." செயலர் அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எந்தத் தாளிலும் அவர் 'பார்த்தேன்' என்றுதான் எழுதுவார். 'படித்தேன்' என்று ஒருநாளும் எழுதியதில்லை. அந்த வகையில் நேர்மையானவர்.

"சமையலறைய எல்லாமா எழுதுவாங்க அண்ணி? நான் என்ன அடுப்பு வழியா டெண்டர் கொண்டுவரப் போறேனா?"

"நாளைக்கு எவனாவது கேட்டா எடுத்துக் காட்டணும்ல, எழுத்தாளரே."

"எவன் கேக்கப்போறான்?"

"கேக்க மாட்டான்னு நெனச்சுத்தான் எல்லாரும் எழுதாம விடறாங்க."

என்னைப் பூட்டக்காவின் பொறுப்பில் விட்டார்கள். டெண்டர் பெட்டியைக் காக்கும் எழுத்தர் அவர். பெட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பதால் அந்தப் பெயர். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், நேரத்தை எழுதுவார், பிறகுதான் தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு முறை டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே அவர் கடிகாரத்தைப் பார்த்ததை என் கண்ணாலேயே கண்டேன்.

"ஃபோன்லயே நேரம் தெரியுதே அக்கா. எதுக்குக் கழுத்து வலிக்க நிமிர்றீங்க?"

"உன் ஃபோன் யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. இந்தக் கடிகாரத்த மாசாமாசம் சரிபாத்துச் சீட்டு ஒட்டறாங்க."

"கடிகாரத்துக்குச் சான்றிதழா? எனக்கே இன்னும் குடுக்கலையே."

"நீயும் சரியா ஓடு. ஒட்டிடலாம்."

அந்த மாதம் பெட்டி காத்திருந்தது லிஃப்ட் டெண்டருக்காக. மருத்துவமனையின் பழைய லிஃப்ட் ஒன்பது மாதமாக முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் தவம் இருந்தது. பிரசவ வார்டு மூன்றாம் மாடியில். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டேன். அதற்குத் தனிக் கோப்பு இருக்கிறதாம். வலி எடுத்து வரும் பெண்களை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு வார்டு ஊழியர்கள் அறுபத்தாறு படி தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டையர் கீழ்ப்படியிலும் குட்டையர் மேல்படியிலும் நின்றால் நாற்காலி சமமாக இருக்கும். மாறி நின்றால் சறுக்குமரம். எங்கள் அலுவலகம் அதே வளாகத்தில்தான். என் மேசைக்கு நேர் எதிர் ஜன்னலில் அந்தப் படிக்கட்டு தெரியும். முதல் வாரம் பார்த்தேன். இரண்டாவது வாரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

டெண்டர் நாளன்று, பதிவேடு எழுதும் பெண்ணுக்குப் பல்வலி. விடுப்பு. அண்ணி மூன்று மணி வரை வேறொரு கூட்டத்தில். செயலர் என்னைக் கூப்பிட்டார்.

"கையெழுத்து நல்லா இருக்குமா தம்பி?"

"முத்து முத்தா இருக்கும் சார்."

"அப்ப உக்காரு."

வேலை எளிது. நிறுவனத்தின் ஆள் முத்திரையிட்ட உறையோடு வருவார். பதிவேட்டில் நான் ஒரு வரி எழுத வேண்டும்: நிறுவனத்தின் பெயர், முத்திரையின் நிலை, வந்த நேரம். பிறகு உறை பூட்டக்காவிடம் போகும். அவர் கடிகாரத்தைப் பார்த்து, உறையின் மடிப்பில் கறுப்பு மையால் நேரத்தை எழுதி, கையெழுத்திட்டு, பெட்டிக்குள் போடுவார். மூன்று மணிக்குப் பெட்டி வாயை மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிற உறையை யார் கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது.

முதல் உறை 11.10க்கு வந்தது. 'முத்திரை: சரி. நேரம்: 11.10' என்று முத்து முத்தாக எழுதினேன். இரண்டாவது உறை வந்தபோது என் மனதில் கட்டுரையின் முதல் வரி உதித்தது. ஓர் எழுத்தாளனுக்கு அந்தக் கணம் எப்படிப்பட்டது என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும். 'மேற்படி' என்று எழுதினேன். முத்திரைக்கும் மேற்படி, நேரத்துக்கும் மேற்படி. மூன்றாவதுக்கும் அப்படியே. மொத்தம் எட்டு உறைகள் வந்தன. பதிவேட்டுப் பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. செயலர் 'பார்த்தேன்' என்று எழுதினார்.

மூன்றரைக்கு அண்ணி வந்து பெட்டியைத் திறக்க வைத்தார். நிறுவனங்களின் ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வோர் உறையிலும் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். பிறகே உறைகளின் அடிப்பக்கத்தைக் கத்தரித்து உள்ளே இருந்ததை எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் டை கட்டியவர் ஒருவர் இருந்தார். அவருடைய கையெழுத்து ஊதா மையில், நூல் அறுந்த பட்டம் போல வாலை வீசிக்கொண்டு போகும்.

கூட்டம் முடிந்ததும் பூட்டக்கா காலி உறைகளை என் பக்கம் தள்ளினார். "இத கட்டி எங்கிட்ட குடு தம்பி. கோப்புல வைக்கணும்."

"காலி கவரயா? பழத்த தின்னுட்டுத் தோல பீரோல வச்சுப் பூட்டுவாங்களா அக்கா?" என்று சிரித்தேன்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் எட்டையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, தோல் என்ற உவமையை மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. டெண்டரில் தோற்ற டைக்காரரின் நிறுவனம் அனுப்பியது. ஜெயித்த நிறுவனத்தின் ஆள் மதியம் இரண்டு மணிக்கு எதிர் டீக்கடையில் முத்திரையிட்ட உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குப் படம் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் அவருடைய உறை 11.10க்கு வந்ததாக இருக்கிறது. எனவே பதிவேடு பொய். ஆகவே உறை மூன்று மணிக்கு மேல் திருட்டுத்தனமாகப் பெட்டிக்குள் போனது. படம் உண்மை, பதிவேடும் பொய்தான். 'ஆகவே' மட்டும் அவர்களுடைய சொந்தச் சரக்கு. கடைசியில் ஒரு வரி: "அதிகாரி அண்ணி, பதிவேடு கொழுந்தன், நேரம் மேற்படி." இவ்வளவு நல்ல வரியை நான் எழுதவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வீட்டுக்குப் போகும்வரைதான்.

அண்ணன் சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். எதிரே அண்ணி. நடுவில் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், விளக்கம் கேட்டு அண்ணிக்கு வந்த மெமோவும்.

"எழுத்தாளரே, இங்க வா. இது யாரு எழுத்து?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். "முத்து முத்தா இருக்கே. டேய், உன்னோடதுதானே?"

"செயலர்தான் அண்ணி உக்காரச் சொன்னாரு."

"அது தெரியும். நேரம் எங்க?"

"மேல இருக்கு."

"மேல ஒருத்தனோட நேரம் இருக்கு. எட்டு பேரும் ஒரே ஆட்டோலயா வந்தாங்க?"

அண்ணன் சிரித்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். அண்ணி திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"திங்கக்கிழம விசாரணை. பதில் சரியில்லன்னா என்னை சஸ்பெண்ட் பண்ணுவாங்க, டெண்டரயும் ரத்து பண்ணுவாங்க. என் வேலைய விடு, எங்கயாவது எதையாவது பண்ணிப் பொழச்சுக்கலாம். திரும்ப மொதல்லேருந்து டெண்டர் விட்டு முடிக்க எட்டு மாசம் ஆகும். எட்டு மாசம் அந்த நாற்காலி மாடி ஏறணும். போன வாரம் ரெண்டாவது மாடித் திருப்பத்துல நாற்காலி சரிஞ்சுது, தெரியுமா?"

"எனக்குத் தெரியாதே."

"புடிச்சுட்டாங்க. அதனாலதான் உனக்குத் தெரியல."

அண்ணன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான். பிறகு அண்ணி தாளை மடித்தார். "பரவால்ல. கவர் எட்டும் கோப்புல இருக்குல்ல. ஒவ்வொண்ணுலயும் பூட்டக்கா நேரம் போட்டிருப்பாங்க. அத காட்டிட்டா முடிஞ்சுது."

வெங்காயத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்ற எனக்குக் கண் எரிந்தது.

"அண்ணி... அந்தத் தோல..."

"என்ன தோல்?"

சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து, கத்தியை எடுத்து, அண்ணிக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தான்.

அண்ணி பூட்டக்காவுக்கு ஃபோன் போட்டார். மணி ஆறு ஐந்து. அலுவலகம் விட்ட பிறகு பூட்டக்கா ஃபோனை எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே மருத்துவமனையின் குப்பைக் கொட்டகைக்கு ஓடினேன். துப்புரவு செய்யும் அம்மா கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"காகிதமா? வெள்ளிக்கு வெள்ளி லாரி வரும். மூணு வெள்ளி போயிடுச்சே ராசா."

"லாரி எங்கம்மா போகும்?"

"கூழாக்கற ஆலைக்கு. உன் காகிதம் இந்நேரம் முட்டை அடுக்கற அட்டை ஆயிருக்கும்."

எங்கோ ஒரு கடையில் முப்பது முட்டைகளுக்கு அடியில் அண்ணியின் வேலை இருப்பதை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

பூட்டக்கா 9.28க்கு வந்தார். எனக்கும் கடிகாரம் பார்க்கும் வியாதி தொற்றியிருந்தது. அவர் பையை மாட்டி, வருகைப் பதிவில் கையெழுத்திட்டு, உட்காரும்வரை பொறுத்திருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்த அளவுக்குக்கூட மாற்றம் இல்லை.

"எட்டையும் போட்டியா?"

"எட்டையும்தான் அக்கா."

"எண்ணிப் போட்டியா?"

"குப்பைய யாரு எண்ணுவா?"

"நான் எண்ணுவேன்."

கழுத்துச் சாவிக்கு அருகிலேயே இன்னொரு சாவி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எட்டு உறைகள். மேலே நூலால் கட்டிய ஒரு குறிப்பு:

"மாலை 4.52. காலி உறைகள் எட்டு, கூட்ட அறைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. எண்ணிக்கை சரி. ஒன்றில் டீக்கறை. போட்டவர்: பயிற்சியாளர். காரணம்: கேட்கப்படவில்லை. முன்பு உறைகளைக் கேட்டபோது சிரித்தார். சாட்சி: அலுவலகத் துப்புரவுப் பணியாளர்." கீழே இரண்டு கையெழுத்துகள்.

என்னைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு நல்ல உரைநடையை நான் படித்ததில்லை. கிடைத்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஏன் அக்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல."

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். கட்டைப் பார்த்தார், உறைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு குறிப்பைப் படித்தார். 'சிரித்தார்' என்ற இடம் வந்ததும் அவரும் சிரித்துவிட்டார். சிரிப்பு முடியாமல் நீண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பூட்டக்காவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூச்சு விடாமல் பாதியைக் குடித்தார்.

"அது என் தண்ணி" என்றார் பூட்டக்கா.

"எழுதி வச்சுக்கோங்க" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை மேல்முறையீட்டு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். மேசையின் ஒருபுறம் டைக்காரர், மறுபுறம் அண்ணி, பூட்டக்கா, செயலர். நான் சுவரோரம், காட்சிப் பொருளாக.

ஜெயித்த நிறுவனத்தின் உறையை அதிகாரி டைக்காரர் பக்கம் நகர்த்தினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க. எல்லாக் கவர்லயும் போடச் சொன்னாங்க."

"உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"ரெண்டு... அம்பத்திரெண்டு."

"உங்க கம்பெனி கவர்ல?"

"பன்னெண்டு இருவத்தஞ்சு. சார், இத அப்புறம்கூட எழுதியிருக்கலாமே. யாரு கண்டா?"

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் அண்ணியின் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டன.

"உங்க கையெழுத்தோட வால் இருக்கே, நல்ல நீளமான வால். அந்த அம்பத்திரெண்டு மேல ஏறிப் போயிருக்கு. கறுப்பு கீழ, ஊதா மேல. நேரம் முன்னாடியே அங்க இருந்திருக்கு, நீங்க அதுக்கு மேல போட்டிருக்கீங்க. நீங்களே பாக்கறீங்களா?"

டைக்காரர் பார்த்தார். பிறகு டையைத் தளர்த்தினார். "ஆனா கொழுந்தன் எப்படி சார் பதிவேட்டுல உக்காரலாம்?"

அண்ணி அந்தச் சமையலறைத் தாளை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதை உரக்கப் படித்தார். "ஒரே சமையலறை" என்ற இடத்தில் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த 'பார்த்தேன்' என்பதைப் படித்துவிட்டுச் செயலரைப் பார்த்தார். செயலருக்கு இருமல் வந்தது. அது அன்று முழுக்க நிற்கவில்லை.

உத்தரவு அன்று மாலையே வந்தது. புகார் தள்ளுபடி. மெமோ ரத்து. லிஃப்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். செயலர் இனி தாள்களைப் படிக்கவும் வேண்டும். கடைசியாக ஒரு சுற்றறிக்கை: 'டெண்டர் பதிவேட்டில் நேரம் எழுதும் கட்டத்தில் மேற்படி என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.' இருபத்தொரு வயதில் சுற்றறிக்கைக்குக் காரணமான எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

வீட்டில் அண்ணன் கத்தியைக் கீழே இறக்கி வைத்தான். அன்று மூவரும் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். பாதியில் அண்ணி, எந்தக் காரணமும் இல்லாமல், "நேரம் மேற்படி" என்றார். அண்ணனுக்குப் புரை ஏறியது. ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் மணி 'மேற்படி'தான்.

ஐந்து மாதம் கழித்துப் புது லிஃப்ட் வந்தது. ஒப்பந்தப்படி, மணல் மூட்டைகளை ஏற்றி, தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு நாற்பது தடவை போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் மருத்துவமனை அதை ஏற்றுக்கொள்ளும். அது பொறியாளர் கையெழுத்திடும் வேலை, அண்ணியுடையது அல்ல. அதனால் அட்டையும் பேனாவும் என்னிடம் வந்தன.

ஃபோனை எடுத்தேன். பிறகு பையில் போட்டுவிட்டு, வரவேற்பறைச் சுவர்க் கடிகாரம் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றேன். அதிலும் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஆறாவது தடவை முடிந்ததும் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக் கொட்டாவி விட்டார். "எல்லாம் ஒரே மாதிரிதான் தம்பி போகுது. கீழ முப்பத்தஞ்சுக்கும் ஒரே சொல்லாப் போட்டுட்டு வாங்க, டீ குடிக்கலாம்."

"நாப்பதுல ஆறு போனா முப்பத்தி நாலுண்ணே" என்றேன். ஏழாவது வரியில் 10.41 என்று எழுதினேன்.

பதினேழாவது தடவையின்போது நெட்டையரும் குட்டையரும் வந்து நின்றார்கள். கையில் நாற்காலி இல்லாமல் அவர்களைப் பார்ப்பது புதிதாக இருந்தது.

"ஏறிப் பாக்கலாமா தம்பி?" என்றார் குட்டையர்.

"நாப்பது முடியட்டும்ணே. நீங்கதான் மொத சவாரி."

இருவரும் படிக்கட்டின் கடைசிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு மூடுவதையும் திறப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் இருவரும் ஒரே உயரம்.

நாற்பதாவது தடவை 12.19க்கு முடிந்தது. மெக்கானிக் சோதனைச் சான்றிதழை உறையிலிருந்து உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, காலி உறையைக் கசக்கித் தரையில் போட்டார். அவர் திரும்பியதும் குனிந்து அதை எடுத்தேன். அட்டையின் மேல் வைத்து நீவி, கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, மடிப்பில் 12.21 என்று எழுதிக் கோப்புக்குள் வைத்தேன்.